எழினிக்குப் பின்னே ஒரு குரல்

சென்ற கிழமை ஒருநாள், அந்திப்பொழுது கழிந்து விளக்கேற்றிய பின்னர், வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். உடையார்கட்டுக் குளத்தின் பக்கமிருந்து மெல்லிய காற்று வந்துகொண்டிருந்தது. வேலியோரத்துப் பற்றைகளிலே சுவர்க்கோழிகள் ஓய்வின்றி ஒலித்தன. என் மகள்வயிற்றுப் பேரன், ஆறு வயதுப் பாலகன், கைத்தொலைபேசியிலே பழைய கார்ட்டூன் படமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படத்திலும் ஒரு சுவர்க்கோழி. தலையிலே தொப்பியும் கையிலே குடையும் தாங்கிய அச்சிறு பூச்சி, மரப்பாவையாய்ப் பிறந்த சிறுவன் ஒருவனுக்கு நன்னெறி காட்டும் துணையாக வருகின்றது. விண்மீனை நோக்கி விருப்பத்தைச் சொல்வது பற்றி மனமுருகப் பாடுகின்றது. பாட்டு முடிந்ததும் பேரன் தலைநிமிர்ந்து, அந்தப் பூச்சிக்குள் இருந்து பாடுவது யார் என்று என்னை வினவினான்.

கீழைத்தேயக் கல்லூரியிலே தமிழ் கற்று, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் எனக்கு, அவ்வினாவுக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, மறுநாளே தேடத் தலைப்பட்டேன். தேடிக் கண்ட வாழ்க்கை என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை. அதனையே ஈண்டு அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

அதற்கு முன் ஒரு சொல். எழினிக்குப் பின்னே நின்று குரல் கொடுத்தல் நமக்குப் புதிதன்று. இளங்கோவடிகள் அரங்கேற்று காதையிலே ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைக் கூறுவார். ஆடலாசிரியனுக்கும் இசையாசிரியனுக்கும் தண்ணுமையோனுக்கும் குழலோனுக்கும் யாழோனுக்கும் உரிய இலக்கணங்களையும் தனித்தனியே வகுத்துரைப்பார். ஆடுவோள் மாதவி ஒருத்தியே. ஆயினும் அவள் ஆடுதற்குத் துணைநின்றோர் பலர் என்பதை அப்பெருங்கவிஞர் மறந்தாரல்லர். நம் வன்னிநாட்டுக் கூத்தரங்குகளிலும் பிற்பாட்டுக்காரர் உளர். ஆடுவோன் களைத்தபோது அவன் பாட்டை ஏந்திச் செல்பவர் அவரே. சபையோரின் கண்கள் ஆடுவோன்மீதே இருக்கும். ஆனால் அவர்தம் செவிகளை நிறைப்பது பின்னின்று பாடுவோரின் குரலாம்.

இனி, பேரன் கேட்ட வினாவுக்கு வருவோம். அச்சுவர்க்கோழிக்குக் குரல் தந்தவர் கிளிஃப் எட்வேர்ட்ஸ் என்னும் அமெரிக்க நடிகர். மேடையும் இசைத்தட்டும் திரையும் ஒருங்கே போற்றிய பாடகர்.

அவர் 1895ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள், மிசூரி மாநிலத்து ஹனிபல் என்னும் ஊரிலே பிறந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள அவ்வூர், மார்க் டுவெயின் என்னும் எழுத்தாளர் தம் இளமையைக் கழித்த ஊராகவும் புகழ்பெற்றது. வறிய குடும்பத்துப் பிள்ளையாகிய எட்வேர்ட்ஸ் பதினான்காம் வயதிலே பள்ளியை விட்டு நீங்கினார். சென்ட் லூயிஸ் நகரை அடைந்து, மதுச்சாலைகளிலே பாடிப் பிழைக்கத் தொடங்கினார். அச்சாலைகள் சிலவற்றில் பியானோ இல்லை. இருந்த இடங்களிலும் அது சுருதி கெட்டுக் கிடந்தது. தம் பாட்டுக்குத் தாமே துணையிசை அமைத்துக்கொள்ள வேண்டிய நிலையிலே, இசைக்கருவிக் கடையில் மலிவாகக் கிடைத்த உகுலேலே என்னும் நான்கு நரம்புச் சிறுகருவியை வாங்கி, ஆசிரியரின்றித் தாமே வாசிக்கப் பழகினார். விடுதியொன்றின் உரிமையாளர் இவர் பெயரை நினைவிற் கொள்ளமாட்டாது உகுலேலே ஐக் என்று அழைக்க, அதுவே அவரது பட்டப்பெயராய் நிலைத்துவிட்டது. வறுமை வாங்கித் தந்த கருவியும் ஒருவரின் மறதி சூட்டிய பெயரும் அவருக்கு வாழ்வளித்தன.

1918ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரில் அவர் பாடிய ஒரு வேடிக்கைப் பாட்டு நாடெங்கும் பரவிற்று. அதன்பின் வோட்வில் எனப்படும் பல்சுவை மேடைகள் அவரை ஏற்றுக்கொண்டன. ஆடலும் பாடலும் பகடியும் வித்தையும் ஒன்றன்பின் ஒன்றாய் வரும் அம்மேடைகளே அக்கால அமெரிக்க மக்களின் பெரும் பொழுதுபோக்காம். 1924ஆம் ஆண்டு நியூயோர்க்கின் பிரோட்வே அரங்கிலே, ஜோர்ஜ் கேர்ஷ்வின் இசையமைத்த நாடகமொன்றில், பிரெட் அஸ்ரெயருடனும் அவர்தம் தமக்கை அடேலுடனும் அவர் தோன்றினார். சொற்களை விடுத்து, இசைக்கருவிகளின் ஒலியைத் தம் வாயாலே எழுப்பிப் பாடுவதில் அவர் வல்லவர். நம்மூர் அண்ணாவியார் மத்தளத்தின் சொற்கட்டுகளை வாயினாற் சொல்லிக் காட்டுவதை நேரிற் கண்டவர்களுக்கு அவ்வாற்றலின் அருமை விளங்கும்.

திரைப்படம் பேசத் தொடங்கிய காலம் அது. 1929ஆம் ஆண்டு ஹொலிவூட்டில் எடுக்கப்பட்ட இசைப்படமொன்றில், மழையிலே பாடுதலைப் பற்றிய பாட்டை முதன்முதலாகத் திரையிற் பாடியவர் அவரே. பின்னர் 1952ஆம் ஆண்டு வேறொரு நடிகர் குடையும் கையுமாய் அதே பாட்டுக்கு ஆட, உலகம் அதனை அவருக்கே உரியதாக்கிவிட்டது. முதலிற் பாடியவரை மறந்தது. 1930ஆம் ஆண்டு முதல் பஸ்டர் கீற்றன் என்னும் பெரும் நகைச்சுவை நடிகரோடும் சில படங்களில் எட்வேர்ட்ஸ் நடித்தார். பணம் குவிந்தது, புகழ் மலிந்தது.

ஆனால் பெற்றதைப் பேணும் கலையை அவர் கற்றாரல்லர். குடியும் சூதும் போதைப்பொருளும் அவரைப் பற்றின. மும்முறை மணந்து மும்முறையும் பிரிந்தார். பிரிந்தோர்க்குச் செலுத்தவேண்டிய வாழ்வூதியமும் வருமான வரியும் அவரை வருத்தின. கடனிறுக்க இயலாதவர் என நீதிமன்றத்திலே அறிவிக்கும் நிலைக்கும் ஆளானார். 1930களிலே மக்களின் சுவையும் மாறிற்று. பெரிய வேடங்கள் சிறிய வேடங்களாயின. 1939ஆம் ஆண்டு வெளிவந்த, அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய புகழ்பெற்ற படமொன்றில், மருத்துவமனைக் காட்சியிலே பழைய நினைவுகளைச் சொல்லும் போர்வீரன் ஒருவன் வருகின்றான். அவன் குரல் கேட்குமேயன்றி முகம் முன்வந்து தோன்றாது. அக்குரல் எட்வேர்ட்ஸினுடையது. அதனை வரப்போகும் வாழ்வுக்கு ஒரு முன்னறிகுறி என்று சொல்லத் தோன்றுகின்றது.

அக்காலத்திலேதான் வோல்ட் டிஸ்னி, பினோக்கியோ என்னும் படத்தை ஆக்கிக்கொண்டிருந்தார். 1937ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஸ்னோ வைட் என்னும் நெடுஞ்சித்திரப் படம் பெருவெற்றி பெற்றிருந்தது, இஃது இரண்டாவது. மூலக்கதை இத்தாலியரான கொல்லோடி என்பவர் எழுதி 1883ஆம் ஆண்டிலே நூலுருப் பெற்றது. அந்நூலில் பேசும் சுவர்க்கோழி மிகச் சிறிய பாத்திரம். அறிவுரை சொல்லப் போய், பாவைச் சிறுவன் எறிந்த மரச்சுத்தியலால் தொடக்கத்திலேயே அடிபட்டு மாய்வது. டிஸ்னி அதனை மாய்த்தாரல்லர். மாறாக, அதனைச் சிறுவனின் மனச்சான்றாக்கி, ஜிமினி என்று பெயர் சூட்டி, கதை முழுவதையும் நடத்திச் செல்லும் துணையாக உயர்த்தினார். வார்ட் கிம்பல் என்னும் ஓவியர் அதற்கு உருவம் அமைத்தார். குரலுக்கு உரியவராய் எட்வேர்ட்ஸ் தெரிந்தெடுக்கப்பட்டார்.

கார்ட்டூன் படங்கள் ஆக்கப்படும் முறையை அறிந்தால் இத்தெரிவின் பெருமை விளங்கும். அமெரிக்கச் சித்திரக் கூடங்களிலே பெரும்பாலும் குரலே முந்தியது, ஓவியம் பிந்தியது. நடிகர் ஒலிவாங்கியின் முன் நின்று பேசியும் பாடியும் முடித்த பின்னர், அவ்வொலியை நுணுகி அளந்து, ஒவ்வோர் அசைக்கும் வாய் எவ்வாறு குவியும், எவ்வாறு விரியும் என்று கணித்து, ஒரு நொடிக்கு இருபத்துநான்கு படச்சட்டங்கள் ஓடும் கணக்கிலே ஓவியர் வரைவர். ஆகவே குரல் தருவோன் முன்னரே அமைந்த உருவத்துக்கு ஒலியொட்டுவோன் அல்லன். அவன் மூச்சைத் தொடர்ந்தே ஓவியனின் கோல் செல்கின்றது. இசையாசிரியன் பாட்டுக்கு மாதவி ஆடியதுபோல, எட்வேர்ட்ஸின் குரலுக்கு ஒரு சிறுபூச்சி ஆடிற்று.

பினோக்கியோ 1940ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்தது. எட்வேர்ட்ஸுக்கு அப்போது வயது நாற்பத்துநான்கு. இளமையும் பொருளும் நற்பெயரும் கழிந்துபோயின. குரல் ஒன்றே எஞ்சியிருந்தது. அக்குரலிலே பகடியும் இருந்தது. பட்டறிந்தவனின் இரக்கமும் இருந்தது. தம் வாழ்வில் நல்லறிவின் சொல்லைக் கேளாது பலமுறை தவறிய ஒருவர், பிள்ளைகளுக்கு மனச்சான்றாய் நின்று பேசினார். இதனை முரண் என்பாரும் உளர். யானோ அவ்வாறு கருதேன். வழிதவறி நடந்தவனுக்கே வழியின் மேடுபள்ளங்கள் தெரியும். அச்சுவர்க்கோழி அறிவுரை கூறும்போது சினமோ செருக்கோ இல்லை. தானும் பிழைவிடும், வெட்கமும் கொள்ளும். ஆதலினாலேயே பிள்ளைகள் அதனை நம்பினர்.

விண்மீனை நோக்கிய அப்பாட்டு, அவ்வாண்டின் சிறந்த திரைப்பாடலுக்குரிய ஒஸ்கார் விருதை ஆக்கியோர்க்குப் பெற்றுத் தந்தது. பிற்காலத்தில் டிஸ்னி நிறுவனம் அதன் இசையைத் தன் அடையாளமாகவே கொண்டது.

இதன்பின் அவருக்கு இரண்டாம் வாழ்வு தொடங்கிற்று. 1940களின் முற்பகுதியில் குதிரைவீரர் படங்களிலே நாயகனின் பகடித் தோழனாக நடித்துவந்தபோதும், நிலைத்து நின்றது குரல்வாழ்வே. 1941ஆம் ஆண்டு வெளிவந்த டம்போ என்னும் யானைக்கன்றின் கதையிலே காகக் கூட்டத்தின் தலைவனுக்கு அவர் குரல் தந்தார். வெள்ளையரான அவர் கறுப்பின மக்களின் பேச்சைப் பகடியாய்ப் பின்பற்றிய அப்பகுதி, பிற்காலத்தாரால் கண்டிக்கப்பட்டுள்ளது, அக்கண்டனம் நியாயமானதே. 1947ஆம் ஆண்டு மற்றுமொரு படத்தில் சுவர்க்கோழி மீண்டும் தோன்றிற்று.

1955ஆம் ஆண்டு தொடங்கிய மிக்கி மவுஸ் கழகம் என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சி அவருக்குப் புதிய மாணாக்கர்களைத் தந்தது. வீதியில் நடக்கும் முறை, தீயோடு விளையாடாமை, ஐம்புலன்களின் தொழில் முதலியவற்றைச் சுவர்க்கோழியின் வாயிலாகப் பிள்ளைகளுக்கு அவர் கற்பித்தார். கலைக்களஞ்சியம் என்று பொருள்படும் நீண்ட ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இராகமிட்டுப் பாடியே பிள்ளைகளின் நாவிற் பதியவைத்தார். பதினான்கு வயதிலே பள்ளியை விட்டவர் ஒரு நாட்டின் பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். எழுத்துக்கூட்டலைக் கற்பிப்பதில் முப்பதாண்டு வாயுலர்ந்த எனக்கு இச்செய்தி சற்றே பொறாமையையும் அளித்தது.

இவ்வாழ்வு அவர் ஒருவருக்கே வாய்த்ததன்று. மெலிந்த உடலும் கரகரத்த மென்குரலும் உடைய ஸ்ரேளிங் ஹொலோவே என்பவர் படங்களிலே சிறுவேடங்கள் பல தாங்கியவர். 1966ஆம் ஆண்டு முதல் வின்னி த பூ என்னும் கரடிக்குக் குரலாகி, மறுவருடம் காட்டுக் கதைப் படத்திலே மலைப்பாம்புக்கும் குரலானார். நம் நாட்டிலும் இதனையொத்த ஒரு மாற்றம் உண்டு. 1956ஆம் ஆண்டு லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் ஆக்கிய ரேகாவ படத்தின் தொகுப்பாளராய் விளங்கி, பின் தாமும் படங்களை இயக்கியவர் தைட்டஸ் தொட்டவத்த. 1982ஆம் ஆண்டு ரூபவாஹினி தொடங்கிய பின்னர் அவர் அங்கே பிறமொழிக் கார்ட்டூன்களைச் சிங்களமாக்கும் பணியை முன்னின்று நடத்தினார். வேற்றுநாட்டு முயலும் பூனையும் உள்ளூர்ப் பேச்சிலே பேசக் கேட்டுச் சிங்களப் பிள்ளைகளின் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2011ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவர் நடிகரல்லர், எனினும் திரைக்கலைஞர் ஒருவரின் பிற்காலத்தைப் பிள்ளைகளின் சித்திரங்கள் ஒளிபெறச் செய்தமைக்கு அவர் சான்று.

முகம் மூப்படைவது விரைவு. குரல் மூப்படைவது மெல்ல. காண்போர் கண்ணுக்குப் பொருந்தாதென்று ஒதுக்கப்பட்ட உடல், எழினிக்குப் பின்னே சென்றதும் எவ்வுருவமும் கொள்ளும் உரிமை பெறுகின்றது. குரல்நடிப்பு முதிர்ந்த கலைஞனுக்கு அளிக்கும் பெரும்பேறு இதுவே. அதன் மறுபுறமோ கொடியது. முகம் மறைந்த இடத்தில் பெயரும் மறைந்துபோகும்.

எட்வேர்ட்ஸின் இறுதிக்காலம் அம்மறுபுறத்தைக் காட்டிற்று. பொருளின்றி, வறிய நடிகர்க்குரிய இல்லத்தில் அவர் வாழ்ந்தார். பகற்பொழுதில் டிஸ்னி கூடத்துக்குச் சென்று, குரல்வேலை ஏதேனும் கிடைக்குமோ என்று காத்திருப்பார். அங்குள்ள ஓவியர் சிலர் அவரை உணவுக்கு அழைத்துச் சென்று, பழைய மேடைக்காலத்துக் கதைகளைச் சொல்லக் கேட்டு மகிழ்வர். 1971ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17ஆம் நாள், எழுபத்தாறாம் வயதில், ஹொலிவூட் மருத்துவ இல்லமொன்றிலே பிறர் உதவியில் வாழ்ந்த நோயாளியாக அவர் உயிர்நீத்தார். உடலை உரிமைகோர ஒருவரும் வரவில்லை. அது கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர் அறுத்துக் கற்பதற்கென அளிக்கப்பட்டது. உலகெங்கும் பிள்ளைகள் அவர் குரலைக் கேட்டு உறங்கிய இரவுகளிலே, அவர் உடல் உரியோரின்றிக் கிடந்தது.

அவருடைய மருத்துவச் செலவு பலவற்றை வெளியிற் சொல்லாமல் ஏற்றுவந்த டிஸ்னி நிறுவனம், செய்தியறிந்து உடலைப் பெற்று அடக்கஞ் செய்ய முன்வந்தது. ஈற்றில் நடிகர் உதவி நிதியங்கள் அக்கடனை நிறைவேற்றின. நினைவுக்கல்லுக்கான செலவை நிறுவனம் ஏற்றது. 2000ஆம் ஆண்டிலே அவருக்கு டிஸ்னியின் சிறப்புப் பட்டம் வழங்கப்பட்டது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், காலத்தால் அழியாது காக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் 2009ஆம் ஆண்டு நிரலிலே அவர் பாடிய விண்மீன் பாட்டையும் சேர்த்தது.

2009 என்னும் அவ்வாண்டெண்ணைக் கண்டதும் யான் நூலை மூடிவைத்தேன். உடையார்கட்டில் வாழ்ந்தோர்க்கு அவ்வாண்டைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எங்கள் ஊரிலே ஒரு முதியவர் இருந்தார். இளமையில் காத்தவராயன் கூத்திலே ஆதிகாத்தானாக ஆடியவர். அவர் கழுமரம் ஏறுங் காட்சியில் பெண்கள் வாய்விட்டு அழுவர் என்று என் தாயார் சொல்லக் கேட்டிருக்கின்றேன். யான் அறிந்த காலத்திலே முழங்கால் நோயினால் அவர் ஆட்டத்தை விட்டிருந்தார். ஆயினும் அரங்கை விட்டாரல்லர். ஆர்மோனியக்காரருக்கு அருகே சாக்கொன்றை விரித்து அமர்ந்து விடியும்வரை பிற்பாட்டுப் பாடுவார். பாலகாத்தானாய் ஆடும் சிறுவனுக்கு அடி மறந்தால், அவன் மூச்செடுக்கும் முன்னரே அவர் குரல் அவ்வடியைத் தூக்கிக் கொடுக்கும். தாம் ஆடிய காலத்திலும் இப்போதே தமக்கு நிறைவு என்று அவர் ஒருமுறை என்னிடம் கூறினார். அன்று அதனை முதுமையின் ஆறுதல் மொழியாகக் கருதினேன். எட்வேர்ட்ஸின் வாழ்வைப் படித்த பின்னரே அஃது உண்மை என்று உணர்ந்தேன்.

1990களின் நடுப்பகுதியில், இளம் ஆசிரியனாயிருந்த என்னிடம் ஒலிப்பதிவுக் கருவியொன்று இருந்தது. அவர் பாட்டுகளைப் பதிந்து வைக்கவேண்டும் என்று எண்ணினேன். பொருளாதாரத் தடையினால் பற்றரி கிடைத்தற்கரிய காலம் அது; சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்ட காலம். அரிதிற் கிடைத்த பற்றரிகளை யான் செய்தி கேட்பதற்கே செலவிட்டேன். டைனமோவைச் சுழற்றியேனும் பதிந்திருக்கலாம், பதியவில்லை. அடுத்த திருவிழாவுக்குப் பார்ப்போம் என்று ஆண்டுதோறும் தள்ளிவைத்தேன். அன்று கேட்ட செய்திகளுள் ஒன்றும் இன்று என் நினைவில் இல்லை.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஊர் முழுவதும் பெயர்ந்தபோது அம்முதியவரும் புறப்பட்டார். மீண்டு வந்தோருள் அவர் இல்லை. எங்கே அடக்கஞ் செய்யப்பட்டார் என்பதை அறிவார் எவருமிலர். எட்வேர்ட்ஸின் உடலை உரிமைகோர ஒருவரும் இலராயினும் குரல் எஞ்சிற்று. எம் முதியவருக்கு உரிமைகோர ஓர் ஊரே இருந்தது. உடலும் கிடைக்கவில்லை, குரலும் எஞ்சவில்லை. அக்குரலை இழந்த பழியில் ஒரு பங்கு என்னுடையது.

ஆதலின் இளைஞர்க்கும் ஆசிரிய நண்பர்க்கும் ஒன்று கூறுவேன். இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி உளது, பற்றரிக்கும் பஞ்சமில்லை. கூத்தாடி ஓய்ந்த முதியோர் வன்னியின் ஊர்கள்தோறும் இன்னும் உளர். அவர்களை அமரச்செய்து, பாடச்செய்து, பதிந்து வையுங்கள்; பாடியவர் பெயரையும் ஊரையும் தவறாது சேர்த்துப் பதியுங்கள். இயலுமாயின், நம் பிள்ளைகளுக்கான சித்திரப் படங்களிலே பேசுதற்கு அவர்களையே அழையுங்கள். ஈழத்து யானையும் மயிலும் சுவர்க்கோழியும் அம்முதியோரின் குரலிலே பேசுமாயின், கற்கும் பிள்ளைகளுக்கும் நலம். கற்பிக்கும் கலைஞர்க்கும் நிறைவு.

பேரனுக்கு விடை சொல்லிவிட்டேன். பூச்சிக்குள் இருந்தவர் பெயர் கிளிஃப் எட்வேர்ட்ஸ் என்றேன். அவன் அதனை இருமுறை சொல்லிப் பழகினான். பின்பு, வேலியோரத்தில் ஒலிக்கும் சுவர்க்கோழிக்குள் இருப்பவர் யார் என்று கேட்டான். அம்முதியவரின் பெயரை அவனுக்குச் சொன்னேன். அவர் பாட்டிலே எனக்கு நினைவிருந்த ஓரிரு அடிகளையும் என் கரகரத்த குரலிற் பாடிக் காட்டினேன். அவன் கைத்தொலைபேசியில் அதனைப் பதிந்துகொண்டான்.